கடைசியாக நன்றாக இருந்த நேரம்

கயல்விழியைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. பல்லி விழுந்தால் பயம். ஆஸ்பத்திரி எம்.டி. இருமினால் பயம். ஜங்ஷன் ரோட்டில் பின்னால் லாரி ஹாரன் அடித்தால் ஸ்கூட்டியை ஓரம் கட்டி, இறங்கி நின்று, லாரி போன பிறகுதான் மறுபடி ஏறுவாள். மாமியார் போன் செய்தால் நாற்காலியை விட்டு எழுந்து நின்று பேசுவாள். "உக்காந்து பேசேன்டி, அவங்களுக்குத் தெரியவா போவுது?" என்று எத்தனையோ தடவை கிண்டல் செய்திருக்கிறேன். இனிமேல் செய்ய மாட்டேன். அந்தத் திங்கட்கிழமை அவள் செய்த காரியத்தை நானாக இருந்தால் செய்திருப்பேனா என்று எனக்கே இன்னும் தெரியவில்லை.

என் பெயர் செல்வநாயகி. விருத்தாசலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு ரூமில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். நோயாளி வீட்டுக்குப் போனதும் அவருடைய கேஸ் ஷீட் எங்களிடம் வரும். அதை முழுக்கப் படித்து, டாக்டர் எழுதிய ஒவ்வொரு நோய்க்கும் அதற்கென்று உள்ள எண்ணைப் போட வேண்டும். இன்சூரன்ஸ்காரர்கள் கதையைப் படிக்க மாட்டார்கள், எண்ணைத்தான் படிப்பார்கள். இதற்குக் கோடிங் என்று பெயர். நான் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவள். கயல்விழி முறையாகப் படித்தவள். கம்மாபுரம் பக்கத்துப் பெண். தங்கள் நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய்விடுமா, போகாதா என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்தவள். அந்தப் பயம் அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். இங்கே கலைக் கல்லூரியில் விலங்கியல் முடித்து, சென்னையில் கோடிங் பரீட்சை எழுதித் தேறி, இரண்டு வருஷம் அமெரிக்கக்காரர்களின் ஃபைல்களைப் பார்த்துவிட்டு, கல்யாணமாகி வந்து என் எதிர் மேசையில் உட்கார்ந்தாள்.

பக்கவாதக் கேஸ் என்றால் அவளிடம் தள்ளிவிடுவேன். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. "கை கால் வுழுந்துடுச்சு" என்று சனங்கள் ஒரே பேச்சில் முடித்துவிடுவார்கள். எண் போடுவதற்கு அது போதாது. வலது பக்கமா, இடது பக்கமா? விழுந்தது அவர் பழகிய கையா, மற்றக் கையா? இப்போது வந்ததா, பழசா? பேச்சு போய்விட்டதா? ஒவ்வொன்றுக்கும் எண் மாறும். டாக்டர் அவசரத்தில் பக்கவாதம் என்று மட்டும் கிறுக்கியிருந்தால் நான் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்து ஒரு குத்துமதிப்பில் போட்டுவிடுவேன். அவள் போட மாட்டாள். ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வார்டுக்குப் போய், நடுங்கும் குரலில், "சார், எந்தப் பக்கம்னு எழுதலியே சார்" என்பாள். டாக்டர் மதிவாணன் அவள் தலையைக் கண்டதுமே, "வந்துட்டாங்கய்யா, எந்தப் பக்கம்!" என்று சிரிப்பார். அவள் முகம் சிவந்து போகும். ஆனாலும் பதில் வாங்காமல் திரும்ப மாட்டாள்.

ஒரு தடவை செராமிக் பொம்மைகளுக்குக் கண் எழுதும் வீரம்மாள் என்ற அம்மாவுக்கு இடது பக்கம் விழுந்துவிட்டது. "சோத்துக்கை நல்லாத்தான் இருக்குது, அது வரைக்கும் தேவலாம்" என்று மகன் சொல்ல, டாக்டரும் பழகிய கை வலது என்று எழுதிவிட்டார். கயல் போய் அந்த அம்மாவின் கையைத் தூக்கிப் பார்த்தாள். இடது கை விரலில்தான் கறுப்புப் பெயிண்ட் ஊறிக் கிடந்தது. "எந்தக் கையில பிரஷ் புடிப்பீங்கம்மா?" என்று கேட்டாள். அந்த அம்மா வெட்கப்பட்டு, "பீச்சாங்கையிலதான் கண்ணு. வெளிய சொல்லாத" என்றார். சாப்பிடுகிற கையைத்தான் நம் ஊரில் கை என்று ஒப்புக்கொள்வார்கள். டாக்டர் திருத்தி எழுதிக் கொடுத்தார்.

"ஏன்டி இப்படி உசுர வுடற?" என்று கேட்டேன். "தப்பா போட்டா அது அப்படியே நின்னுடும்க்கா. நாளைக்கு யாராச்சும் அத நம்பி ஒரு ஊசி போட்டா?" என்றாள். பயத்தில்தான் அவ்வளவு சுத்தமாக வேலை பார்த்தாள்.

அவள் கணவர் கொளஞ்சிநாதனுக்கு செராமிக் பேட்டையில் வேலை. அச்சில் களிமண் குழம்பை ஊற்றி, இறுகியதும் எடுப்பார். அமைதியான மனிதர். மாலையில் அவளைக் கூட்டிப்போக வந்தால் கேட்டுக்கு வெளியிலேயே நிற்பார். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் அவர் நகக்கண்ணில் வெள்ளைக் களிமண் இருக்கும். வீட்டில் அவர் அம்மா ராஜாம்பாள் வைத்ததுதான் சட்டம். அந்த அம்மாவிடம் எனக்கு எப்போதும் ஒரு கோபம் உண்டு. மருமகள் சம்பளம் வாங்குகிறாள், ஆனால் அவள் பேச்சுக்கு வீட்டில் மதிப்பில்லை.

போன ஆவணியில், அண்ணன் மகளுக்குக் காது குத்து என்று கயல் தன் மகளோடு ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டுக்குப் போனாள். கொளஞ்சி போகவில்லை. கார்த்திகை விளக்கு ஆர்டர் அப்போதே ஆரம்பித்துவிட்டது. மறுநாள் காலையில் மகளை அங்கேயே விட்டுவிட்டு, பஸ் பிடித்து நேராக வேலைக்கு வந்துவிட்டாள். பதினொன்றேகால் மணிக்கு எமர்ஜென்சி நர்ஸ் ஓடி வந்தாள். "கயலக்கா, உங்க வூட்டுக்காரர ஆட்டோவுல கொண்டாந்துருக்காங்க" என்றாள்.

நானும் கூடவே ஓடினேன். கொளஞ்சி ஸ்ட்ரெச்சரில் கிடந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலது கை ஸ்ட்ரெச்சருக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. நர்ஸ் அதை எடுத்து உள்ளே வைத்தாள், அது மறுபடி நழுவி விழுந்தது. பேசப் பார்த்தார், ஒரு சத்தம்தான் வந்தது. கயல் என் கையைப் பிடித்தாள். அவள் விரல் ஐஸ் மாதிரி இருந்தது. "அக்கா, எந்தலைக்குள்ள நம்பர் ஓடுதுக்கா. வலது பக்கம், பழகுன கை, பேச்சு இல்ல, எல்லாம் நம்பரா ஓடுது. நிறுத்தச் சொல்லுக்கா" என்றாள். 

டாக்டர் மதிவாணன் முதலில் கேட்ட கேள்வி, "கடைசியா எப்ப நல்லா இருந்தாரு?" என்பதுதான்.

ராஜாம்பாள் சட்டென்று சொன்னார், "ஒம்பதர மணிக்கு இட்லி சாப்புட்டான் டாக்டரு. நல்லா பேசிக்கிட்டு இருந்தான். கை கழுவப் போனவன் அப்படியே சாஞ்சுட்டான்."

டாக்டர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டார். ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தக் கசிவு இல்லை, அடைப்புதான். பாண்டிச்சேரி நரம்பு டாக்டரிடம் போனில் பேசிவிட்டு, கொளஞ்சியின் கட்டிலருகிலேயே நின்று கயலிடம் விளக்கினார். "ரத்தக் கட்டியக் கரைக்கிற ஊசி இருக்குது. நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டா கை திரும்ப வர்றதுக்கு நல்ல வாய்ப்பு. நூத்துல அஞ்சாறு பேருக்கு மூளையில ரத்தம் கசியும், உயிருக்கே ஆபத்தாகலாம். நேரம் தாண்டிப் போட்டா அந்த ஆபத்து இன்னும் அதிகம். நமக்கு இன்னும் நேரம் இருக்குது. சீக்கிரம் கையெழுத்துப் போடுங்க."

இதெல்லாம் கயலுக்குப் புதிதல்ல. நூறு ஃபைலில் படித்திருப்பாள். சம்மதப் படிவத்தையும் பேனாவையும் வாங்கினாள். மணி பதினொன்று ஐம்பத்தைந்து. நர்ஸ் ஊசியை விரலால் தட்டி மருந்தைத் தயார் செய்துகொண்டிருந்தாள். கையெழுத்துப் போடுவதற்கு முன் அவள் கணவரின் விழுந்த கையை ஒரு தடவை தொட்டாள். தொட்டவள் அப்படியே நின்றுவிட்டாள்.

நகக்கண்ணில் வெள்ளை இல்லை. கறுஞ்சிவப்பாக ஏதோ உலர்ந்து கிடந்தது. முழங்கை மடிப்பிலும் அதே நிறத்தில் ஒரு கோடு. குனிந்து முகர்ந்தாள். சோப்பு வாசனைக்கு அடியில் கவிச்சி வாசனை.

எங்கள் பக்கத்தில் கை கால் விழுந்தால் புறா ரத்தம் தேய்ப்பார்கள். வருஷத்துக்கு நாலைந்து ஃபைலாவது அப்படி வரும். வேப்பூர் போகிற வழியில் ஒரு ஊரில் கருப்பன் என்ற ஆள் அதைச் செய்கிறார். புறாவை அறுத்து, சூடு ஆறுவதற்குள் ரத்தத்தைத் தேய்ப்பார். சூரியன் ஏறிவிட்டால் ரத்தம் உள்ளே இறங்காது என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார். ஏழு மணிக்கு மேல் யார் போனாலும் நாளைக்கு வா என்று அனுப்பிவிடுவார். ஒன்பதரை மணிக்கு விழுந்தவருக்கு இன்றைக்குப் புறா ரத்தம் கிடைத்திருக்க முடியாது.

"அத்தே" என்றாள் கயல்.  "புறா ரத்தம் தேச்சீங்களா அத்தே?"

"இன்னாடி பேசற? கையெழுத்தப் போடு மொதல்ல."

"எத்தன மணிக்கு வுழுந்தாரு?"

"அதான் சொன்னனே, ஒம்பதர. எம்புள்ள கெடக்கற கெடயில உனுக்குக் கேள்வியாடி?"

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "கயல்விழி, ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம்."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். வெளுத்துப் போயிருந்தது.  அவள் மனசில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் எனக்கும் அதே ஓடியது. கையெழுத்துப் போட்டால் அந்தக் கை திரும்ப வரலாம். போட்டு, மாமியார் சொன்னது பொய்யாக இருந்தால், ஆளே போய்விடலாம். போடாமல் விட்டு, மாமியார் சொன்னது உண்மையாக இருந்தால், புருஷன் கையை அவளே கெடுத்தவள் ஆவாள். ஒரு நகக்கண்ணையும் ஒரு வாசனையையும் நம்பி எப்படி முடிவெடுப்பது? உண்மையைச் சொல்கிறேன், நானாக இருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பேன். பெரியவர்கள் சொன்னார்கள், டாக்டர் கேட்டார், போட்டேன் என்று சொல்லித் தப்பித்திருப்பேன்.

கயல் பேனாவைக் கீழே வைத்தாள்.

"சார், அந்த நேரம் தப்பு சார். ஊசி போடாதீங்க." பல் கிடுகிடுவென்று அடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. "கருப்பன்கிட்ட போயிட்டு வந்துருக்காங்க. அவரு ஏழு மணிக்கு மேல பண்ண மாட்டாரு. அவர் கையப் பாருங்க சார்."

ராஜாம்பாள் மார்பில் அடித்துக்கொண்டு கத்தினார். "எம்புள்ளய முடமாக்கப் பாக்கறாளே! டாக்டரு, அவ பேச்சக் கேக்காதீங்க, நா பெத்தவ சொல்றேன், ஊசியப் போடுங்க!" எமர்ஜென்சி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கயல் அழவில்லை, பதிலுக்குக் கத்தவும் இல்லை. மாமியாரின் காலடியில் உட்கார்ந்து இரண்டு காலையும் பிடித்துக்கொண்டாள். "அத்தே, பொய்யான நேரத்துல அந்த ஊசி போட்டா செத்துப் போயிடுவாரு அத்தே. உங்க மேல எனக்குக் கோவமில்ல. நேரத்த மட்டும் சொல்லுங்க."

டாக்டர் நர்ஸிடம் கையைக் காட்டினார். அவள் ஊசியைத் தட்டில் வைத்தாள்.

ராஜாம்பாள் அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்தார். "அஞ்சே முக்கா" என்றார். "தண்ணி புடிக்கப் போனவன் கொழாய்கிட்ட வுழுந்தான். ரத்தம் தேச்சா எழுந்துடுவான்னு நெனச்சேன். பத்து மணி வரைக்கும் பாத்தேன், எழுந்திருக்கல. ஆட்டோக்காரருதான் சொன்னாரு, லேட்டுன்னு சொன்னா சேத்துக்க மாட்டாங்க, இப்பதான்னு சொல்லுங்கன்னு. சோப்புப் போட்டுக் கழுவித்தான் கூட்டியாந்தேன்."

டாக்டர் கேஸ் ஷீட்டை எடுத்து, ஒன்பதரை என்று எழுதியதன் மேல் ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் 5.45 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆறு மணி நேரம் தாண்டியிருந்தது. பாண்டிச்சேரிக்கு ஸ்கேன் படங்களை அனுப்பினார். ரத்தக்குழாய் வழியாகச் சின்னக் குழாய் விட்டு எடுக்கக்கூடிய இடத்தில் அடைப்பு இல்லை என்று பதில் வந்தது. இனி மாத்திரை, பயிற்சி, காத்திருப்பு. அவ்வளவுதான். அந்தப் பதில் வந்த பிறகுதான் கயல் பாத்ரூமுக்கு ஓடி வாந்தி எடுத்தாள்.

கொளஞ்சி பிழைத்துக்கொண்டார். எட்டாம் நாள் கால் கொஞ்சம் ஊன்றியது. கை அசையவில்லை. பேச்சு வரவில்லை. அந்த எட்டு நாளும் கயல் தூங்கினாளா என்று தெரியாது. "போட்டிருந்தா கை வந்துருக்குமோக்கா? அத்தே கடைசியா சொன்ன நேரமாச்சும் சரியா? பயத்துல மாத்திச் சொல்லியிருந்தா?" என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தாள். டாக்டரிடம் கேட்டதற்கு, யாராலும் சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டார். கணவருக்குப் பேச்சு வந்தால் முதலில் தன்னைத்தான் கேட்பார் என்று அவளுக்குத் திகில். பேச்சு வர வேண்டும் என்று எங்கள் ஊர்ச் சாமி கொளஞ்சியப்பருக்கு வேண்டிக்கொண்டவளும் அவள்தான்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று ராஜாம்பாள் தனியாக ரெக்கார்டு ரூமுக்கு வந்தார். கயல் பில் கவுன்ட்டரில் இருந்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். "எம்மா, அந்த ஃபைல்ல நா மொதல்ல சொன்ன நேரத்த அழிச்சுட முடியுமா?" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். "அழிக்க முடியாதும்மா. கோடு போட்டு வெச்சது வெச்சதுதான். கீழ என்ன இருந்துச்சுன்னு தெரியணும்" என்றேன். "எம்புள்ள படிச்சவன். பேச்சு வந்ததும் இதப் படிப்பானே" என்றார்.  ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்காராமல் போய்விட்டார்.

அந்த ஃபைலை நான்தான் கோடிங் செய்தேன். சொந்தக்காரர் ஃபைலைத் தொடக் கூடாது என்று கயல் தள்ளிவைத்துவிட்டாள். முதல் தடவையாக நான் ஊகம் எதுவும் செய்யாமல், டாக்டரிடம் இரண்டு முறை போய்க் கேட்டு எண் போட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பழம் வாங்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். கொளஞ்சி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் ஒரு துண்டின் மேல் கிடந்தது. ஒரு வாரமாகத்தான் வார்த்தை ஒவ்வொன்றாக வருகிறது என்றாள் கயல். அவள் கணவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். மாமியார் அடுப்படி வாசலில் நின்றார். யார் முகத்தையும் யாரும் பார்க்கவில்லை. அந்த வீட்டில் மூன்று பேருமே மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிற மாதிரி எனக்குப் பட்டது.

திடீரென்று கொளஞ்சி, "ஊசி" என்றார். கயல் கையில் இருந்த ஸ்பூன் கிண்ணத்தில் விழுந்தது.

"ஊசி... போடல."

"போடலைங்க" என்றாள்.  "நாந்தான் வேணான்னு சொன்னேன். கை வந்துருக்குமான்னு கேட்டீங்கன்னா எனக்குத் தெரியாதுங்க. வந்துருந்தாலும் வந்துருக்கும்."

மாமியாரைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. காத்திருந்தேன், சொல்லவே இல்லை. ராஜாம்பாள்தான் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, "அவ இல்லடா, நாந்தான். நாந்தான்டா நேரத்த மாத்திச் சொன்னேன்" என்று உடைந்தார்.

கொளஞ்சி தலையை அசைத்தார். "தெரியும்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் சொன்னதைச் சொல்லி முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. ஒரு வார்த்தைக்காக முகமெல்லாம் வேர்த்தது. தப்பான வார்த்தை வந்தால் தலையை ஆட்டிவிட்டு மறுபடி தேடினார். நான் சேர்த்து எழுதுகிறேன். அன்றைக்கு அவருக்கு எல்லாமே கேட்டது. அம்மா ஒன்பதரை என்று சொன்னது கேட்டது. நேரம் தாண்டிப் போட்டால் ஆபத்து என்று டாக்டர் சொன்னது கேட்டது. பொய் என்று கத்தினார். கத்திக்கொண்டே இருந்தார். வெளியே வந்தது ஒரு சத்தம்தான். நல்ல கையை ஆட்டிக் காட்டினார். அந்தக் கையை யாரோ அமுக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

அமுக்கிப் பிடித்தது நான்தான். வலியில் ஆட்டுகிறார் என்று நினைத்து, "அசையாம இருங்க தம்பி, எல்லாம் சரியாயிடும்" என்று காதில் வேறு சொன்னேன். அதை அங்கே சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இங்கேதான் எழுதுகிறேன்.

கயல் கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு அவர் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். உடம்பெல்லாம் குலுங்கியது. கொளஞ்சி இடது கையைத் தூக்கி, குறி பார்த்து, அவள் தலையில் வைத்தார்.

"நர்ஸு... ஊசியத் தட்டுனாங்க" என்றார். "அவ்ளோதான்னு... நெனச்சேன். நீ... பேசுன."